பயணத்துக்கான பல் முதலுதவிப் பெட்டி: வாங்கலாமா?

கடைகளில் கிடைக்கும் பயணப் பல் முதலுதவிப் பெட்டிகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான்: தற்காலிக ஃபில்லிங் பசை, அதை எடுத்து வைக்க ஒரு சின்னக் கரண்டி, பல் கண்ணாடி, பஞ்சு. சிலவற்றில் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லும் இருக்கும். ஃபில்லிங் விழுந்தாலும் கேப் (பல்லின் மேல் போடும் உறை) கழன்றாலும் வீடு திரும்பும்வரை சமாளிக்க நிச்சயம் உதவும். ஆறாத புண், புதிதாகக் கண்ணில் பட்ட வெள்ளைத் திட்டு, ஈறு வீக்கம் என்று வந்தால் இதில் அதிகம் ஒன்றுமில்லை. நாமே சிலவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கொடுத்த காசுக்கு மதிப்புள்ளது பசைதான். துத்தநாக ஆக்சைடு கலந்த இது எச்சில் ஈரத்தில் இறுகும். முதலில் குழியில் சிக்கிய உணவுத் துணுக்கை பிரஷ்ஷால் நீக்கிக் கொப்பளியுங்கள். பிறகு பஞ்சால் ஒற்றினால் போதும். முழுக்க உலர்த்திவிட்டால் பசை சரியாக இறுகாது. குழி கொள்ளும் அளவு மட்டும் எடுத்து, அடியிலிருந்து அழுத்தி நிரப்பி, ஈரப்பஞ்சால் மேற்பரப்பைச் சமப்படுத்துங்கள். இளகியிருக்கும்போதே மெதுவாகச் சிலமுறை கடித்து, பிதுங்குவதை வழித்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். பெரும்பாலும் தவறு நேர்வது அளவில்தான். கூடுதலாக அடைத்தால் கடிக்கும்போது அந்தப் பல்லே முதலில் முட்டும், வலி கூடும். பொடியும் திரவமுமாக வருவதைவிடக் கலந்தே வரும் பசை மேல். பதம் பார்த்துக் குழைப்பது பழகியவர்களுக்கே கைவரும்.

விண்விண்ணென்று தெறிக்கும் பல்லையும் ஈறு வீங்கிய பல்லையும் அடைக்கவே கூடாது. உள்ளே சேரும் சீழ் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும்.

கேப் கழன்றால் உள்ளே ஒட்டியிருக்கும் பழைய சிமென்டைச் சுரண்டி, பசையில்லாமல் ஒருமுறை பொருத்தி எந்தப் பக்கம் என்று உறுதிசெய்யுங்கள். பிறகு தற்காலிக சிமென்டை (கேப் ஒட்டும் பசை) மெல்லியதாகப் பூசிக் கடியுங்கள். அப்போதும் ஆடினால் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். தூக்கத்தில் மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்து உண்டு. ஃபெவிகுவிக் போன்ற பசைகளை வாய்க்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

மரத்துப்போகும் ஜெல் ஏமாற்றம்தான். மேல்தோலைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும். பல்லின் நரம்பு வலியை எட்டாது. பென்சோகெய்ன் உள்ள ஜெல்லை 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவவே கூடாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடலாம். ஜெல்லுக்குப் பதிலாக, பெரியவர்களுக்கென்று பாரசிட்டமால் 500 மி.கி., ஐபுபுரோஃபென் 400 மி.கி. மாத்திரைகளைப் பெட்டியில் வையுங்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தால் பல்வலி நன்றாகவே அடங்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் ஐபுபுரோஃபெனைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரினை ஈறில் அதக்குவதும் கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றுவதும் ஈறைப் பொசுக்கும்.

வாய்ப்புண்ணுக்கு 0.1% டிரையாம்சினலோன் பசை ஒரு சின்னக் குழாய் போதும். படுக்கும் முன் புண்ணை ஒற்றி உலர்த்தி, தேய்க்காமல் மேலே படியவிடுங்கள். தேய்த்தால் திரிதிரியாக உதிரும். கொத்துக் கொத்தான கொப்புளங்களுக்கும், வழித்தால் வரும் வெள்ளைப் படிவுக்கும் இது ஆகாது. அவை தொற்றாக இருக்கலாம், ஸ்டீராய்டான இந்தப் பசை அதைப் பெருக்கும். 0.2% குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் 10 மி.லி. வீதம் காலையும் இரவும் ஒரு நிமிடம் கொப்பளிக்கலாம். பல் துலக்கி அரை மணி கழித்துத்தான், ஏனென்றால் பற்பசை நுரை அதன் வீரியத்தைக் குறைக்கும். இரண்டு வாரம் தாண்டினால் பல் பழுப்பேறலாம்.

பல் கண்ணாடி நல்ல துணை. வெந்நீரில் முக்கி எடுத்தால் மங்காது. நாக்கின் பின்புறம் தலைகீழ் ‘V’ போல வளைந்த மேடு வரிசை, கன்னத்தின் உள்ளே பல் படும் உயரத்தில் வெள்ளைக் கோடு, மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே சின்ன மேடு எல்லாம் இயல்பானவை. இருபுறமும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சந்தேகமான இடத்தை ஒரே வெளிச்சத்தில் சில நாளுக்கொருமுறை படமெடுத்து வையுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாத கட்டி, மரப்பு இருந்தால் வலியில்லாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

பெட்டிகளுக்குள் அச்சிட்டு வைத்தே ஆக வேண்டிய ஒன்று இது: தாடைக்குக் கீழோ நாக்குக்கு அடியிலோ வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. முகம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டர்.