திங்கட்கிழமை மனு வரிசையா, தகவல் உரிமை மனுவா?

இதழியல் படித்த இரண்டு ஆண்டுகளில், வகுப்பின் பயிற்சி இதழுக்குச் செய்தி தேடி மூன்று வழிகளை முயன்று பார்த்தேன்: சமூக ஊடகங்களில் பேசப்படுவதைப் பின்தொடர்வது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுவது, திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் உட்காருவது. இறுதியாண்டு முழுவதும் மூன்றாவதையே பிடித்துக்கொண்டவன் என்பதால், இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சமூக ஊடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நம் கண்ணில் படுவது, ஊரிலுள்ள மற்ற நிருபர்கள் கண்ணிலும் அதற்குள் பட்டிருக்கும்.

தகவல் உரிமை மனுவின் பலம் ஆவணம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, காரணம் எதுவும் சொல்லாமல், எழுத்துப்பூர்வமான பதிலைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பதிலுக்கு 30 நாள், அது சரியில்லை என்றால் முதல் மேல்முறையீட்டுக்கு மேலும் 30 முதல் 45 நாள் என்று கணக்குப் போட்டால், ஒரு பருவத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. நான் போட்டவை இரண்டே மனுக்கள். முதலாவதற்கு, கேட்ட தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை என்று ஒருவரிப் பதில் வந்தது. கேள்வியை அகலமாகக் கேட்டது என் பிழைதான். ஆகவே, அந்த வழியில் கைதேர்ந்தவர்கள் என் மதிப்பீட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

குறைதீர்க்கும் நாள் என்னைக் கட்டிப்போட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே கிடைக்கும் செய்தியை அடுத்த வாரமும் போய்ப் பார்க்கலாம். பட்டா பெயர் மாற்றத்துக்காக வந்த மூதாட்டி ஒருவர், மஞ்சள் பையிலிருந்து பழைய மனு ரசீதுகளை எடுத்துத் தரையில் பரப்பி, "நீயே எண்ணிக்கோ தம்பி" என்றார். ஏழு இருந்தன. அன்று என் கையில் இருந்தது ஒருவரின் குறை மட்டுமே, செய்தி அல்ல. அந்தக் கிராமத்திலிருந்து வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் சொல்லி வைத்தேன். (அவருக்கு வாங்கித் தரும் ஒரு டீ, அதிகாரிகளிடம் எடுக்கும் பல பேட்டிகளைவிடப் பயன் தரும்.) மூன்றாம் வாரத்துக்குள் இன்னும் நான்கு பேர் வந்தார்கள், அனைவரின் நிலமும் ஒரே சர்வே எண்ணில், அளந்து தனித்தனியாகப் பிரிக்கப்படாமல் (உட்பிரிவு ஆகாமல்), பலர் பெயரும் சேர்ந்த கூட்டுப்பட்டாவில் கிடந்தது. பாட்டிக்கு ஏன் பட்டா கிடைக்கவில்லை என்ற கேள்வி, அந்தச் சர்வே எண் ஏன் இன்னும் அளக்கப்படவில்லை என்று மாறிய பிறகுதான் அது செய்தியானது.

இதிலும் குறைகள் உண்டு. திங்கட்கிழமை வகுப்புகளுக்கு வருகைப் பதிவு போய்விடும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களில் கூட்டமே நடக்காது. நாம் மாணவர்கள்தாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், காரியம் முடித்துக் கொடுக்க வந்தவர் என்று நம்பிவிடுவார்கள்.

என் இரண்டாவது தகவல் உரிமை மனு அந்த ஒரு சர்வே எண்ணைப் பற்றி மட்டுமே கேட்டது. தெளிவான பதில், 26ஆம் நாளில் வந்தது. இதழ் அச்சுக்குப் போய் அதற்குள் நான்கு நாள் ஆகியிருந்தது.