‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’: உலாவிவழிப் பயிற்சி ஆய்வகத்துடன் இரண்டரை ஆண்டுகள்

லினக்ஸ் நிர்வாகமும் நெட்வொர்க் பாடங்களும் பயில்வதற்காக, உலாவியிலேயே திறக்கும் மெய்நிகர் ஆய்வகச் சேவை ஒன்றுக்கு இரண்டரை ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். பாடங்களின் தரத்தில் எனக்குப் பெரிய குறையில்லை. என்னை அலைக்கழித்தது இணைப்புதான். வைஃபை விட்டுப்போனாலும், அலுவலக ஃபயர்வால் தடுத்தாலும், உலாவியே டேப்பை உறங்க வைத்தாலும் திரையில் வருவது ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்ற ஒரே வாசகம். முதல் ஆறு மாதங்கள் ரவுட்டரை அணைத்துப் போடுவது, உலாவியின் தற்காலிகச் சேமிப்பான கேஷை அழிப்பது, உலாவியை மாற்றுவது என்று தோன்றியதையெல்லாம் செய்துபார்த்தேன். பிறகு, இணைப்பு அறுபட்ட நேரத்தையும் அந்த நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கினேன். காரணங்களைப் பிரித்துக் காட்டியது அந்த நோட்டுதான்.

இத்தகைய ஆய்வகங்களின் அமைப்பு தெரியாமல் நான் செய்த முதல் பிழையையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் டெஸ்க்டாப்புக்குத் தொலைவிலிருந்து நுழைய 3389 என்ற போர்ட் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல்) வேண்டும் என்று எங்கோ படித்து, வீட்டு ரவுட்டரில் அதைத் திறந்துவைத்தேன். அதனால் பயன் ஏதுமில்லை, பாதுகாப்புக்குத்தான் கேடு. ஆய்வக இயந்திரத்துடன் 3389, 5900, 22 ஆகிய போர்ட்டுகளில் பேசுவது அவர்கள் பக்கத்திலேயே இருக்கும் இடைவாயில் சர்வர். அப்பாச்சி குவாக்கமோலி போன்ற திறமூல மென்பொருள்கள் செய்யும் வேலை இது. நம் உலாவிக்கும் இடைவாயிலுக்கும் நடுவே ஓடுவது வழக்கமான 443 மட்டுமே, பெரும்பாலும் அதற்குள் ஒரு வெப்சாக்கெட், அதாவது இருபுறமும் தொடர்ந்து பேசிக்கொள்ளத் திறந்தே இருக்கும் இணைப்பு.

அந்த வெப்சாக்கெட்தான் அலுவலகத்தில் சிக்கலானது. தளம் திறக்கும், உள்நுழைவு நடக்கும், பாடமும் தெரியும். ஆய்வகத் திரை மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். நோட்டில் இதற்கு எதிரே ‘ஒருமுறைகூட இணையவில்லை’ என்று எழுதியிருந்தேன். இணைந்து அறுபடுவதும் இணையாமலே இருப்பதும் வெவ்வேறு நோய்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் வெப்சாக்கெட் கோரிக்கைகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், நலமாக இருக்கும் இணைப்புக்கு 101 என்ற விடை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது 403, அதாவது அனுமதி மறுப்பு. அதே மடிக்கணினியைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தவுடன் ஆய்வகம் திறந்துகொண்டது. நெட்வொர்க் பிரிவு நண்பரிடம் சென்றபோது, “அந்தத் தளத்துக்குத் தடையே இல்லையே, சார்” என்றார். “தளத்துக்கு இல்லை, அதற்குள் போகும் வெப்சாக்கெட்டுக்கு” என்று 403 தெரிந்த திரைப்பிடிப்பைக் காட்டிய பிறகு, இணையத்துக்கும் நமக்கும் நடுவே நிற்கும் ப்ராக்ஸி சர்வரில் அந்த முகவரிக்கு மட்டும் விலக்கு அளித்தார். வெப்சாக்கெட் கிடைக்காதபோது சாதாரண எச்டிடிபி வழிக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு சில இடைவாயில்களில் உண்டு. நான் பயன்படுத்தும் சேவையில் அது இல்லை, இருந்திருக்க வேண்டும்.

நோட்டிலேயே என்னை வியக்க வைத்த பக்கம் அடுத்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரை மட்டும் தோன்றும் பாடங்களில், வினாவை ஊன்றிப் படித்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது. மும்முரமாகத் தட்டச்சு செய்யும்போது ஒருமுறைகூட அறுந்ததில்லை. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: 60 விநாடி, மீண்டும் 60 விநாடி, மறுபடியும் 60. வைஃபை இவ்வளவு ஒழுங்காகப் பழுதாகாது. எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை ப்ராக்ஸியாக வைக்கும்போது, பின்னாலுள்ள சர்வரிலிருந்து 60 விநாடிகள் எதுவும் வராவிட்டால் இணைப்பை மூடிவிடுவது அதன் இயல்பு அமைப்பு. சோதிப்பதற்காக டெர்மினலில் ‘டாப்’ கட்டளையை ஓடவிட்டு விலகி உட்கார்ந்தேன். அது சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையைப் புதுப்பிப்பதால் இணைப்பு இருபது நிமிடங்கள் அசையவில்லை. இந்த விவரங்களை நேரங்களோடு எழுதி அனுப்பியதற்கு, ‘கேஷை அழித்துவிட்டு மீண்டும் முயலவும்’ என்ற ஆயத்த விடையே முதலில் வந்தது. மூன்றாவது மடலுக்குப் பிறகு யாரோ ஒருவர் உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அந்தத் தொல்லை நின்றது.

டேப்பை மறைத்துவைத்தால் அறுபடுவது இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடங்களுக்கு மேல் மறைந்திருக்கும் பக்கங்களில், குறித்த இடைவெளியில் வேலைகளைத் தூண்டும் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே இயங்கும்படி கட்டுப்படுத்தப்படுகின்றன. ‘இன்னும் இருக்கிறேன்’ என்று இடைவாயிலுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய பக்கம் தாமதமாகச் சொன்னால், ஆள் போய்விட்டார் என்று சர்வர் முடிவு கட்டுகிறது. இப்போது ஆய்வகத்தைத் தனிச் சாளரத்தில் திறந்து, பாடத்தின் அருகிலேயே கண்ணுக்குத் தெரியும்படி வைக்கிறேன். இன்னொரு சாளரம் மேலே வந்து முழுமையாக மறைத்தாலும் ஆய்வகச் சாளரம் மறைந்த பக்கமாகவே கணக்கிடப்படலாம். குரோமின் செயல்திறன் அமைப்புகளில், எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களின் பட்டியலிலும் அதைச் சேர்த்திருக்கிறேன்.

ஐபேடில் சஃபாரி வழியாக முயன்றபோது உள்நுழைவுப் பக்கமே திரும்பத் திரும்ப வந்தது. பாடப் பக்கத்துக்குள் பதிக்கப்பட்டிருந்த ஆய்வகம் வேறொரு முகவரியைச் சேர்ந்தது; அத்தகைய வெளித்தளக் குக்கீகளை (உள்நுழைவை நினைவில் வைக்கும் சிறு பதிவுகளை) சஃபாரி 2020 முதல் முழுமையாகத் தடுக்கிறது. ஆய்வகத்தைத் தனி டேப்பில் திறந்ததும் சரியானது.

தாமதத்தை நான் இணைப்புக் கோளாறாகவே கருதுகிறேன், சேவையினர் அப்படிக் கருதுவதில்லை. சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு நேர்க்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், கேபிள் வளையாமலே சென்றாலும் போய்வர 140 மில்லிவிநாடி ஆகும். நடைமுறையில் எனக்குக் கிடைத்தது 250-ஐ ஒட்டிய எண். மும்பை சர்வரைத் தேர்ந்தெடுக்கும் வசதி கணக்கு அமைப்புகளின் மூன்றாம் பக்கத்தில் கிடந்ததை ஓராண்டு கழித்துத்தான் கண்டேன். மாற்றியபின் 35-க்கு இறங்கியது. எந்த உயர் சந்தாத் திட்டத்துக்கு மாறியிருந்தாலும் இந்த வேறுபாடு கிடைத்திராது.

எங்கள் வீட்டுக்கே உரிய கோளாறு ஒன்றும் உண்டு. மின்தடை வந்து இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் அந்தக் கண்ணிமைப்பில், ஃபைபர் மோடம் அணைந்து மீண்டும் எழ இரண்டு நிமிடங்கள் ஆகும். ஆய்வக இயந்திரம் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் டெர்மினலில் பாதியில் நின்ற வேலை போய்விடும். அப்படி ஒருநாள் நாற்பது நிமிட வேலையை இழந்த பிறகு, உள்ளே நுழைந்தவுடன் முதல் கட்டளையாக, இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் வேலையை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் என்ற நிரலைத் தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன்; திரும்பி வந்து அதனுடன் மீண்டும் இணைந்தால், கர்சர் விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். மோடத்துக்கென்று சிறிய யுபிஎஸ் ஒன்றும் பின்னர் வாங்கினேன்.

சந்தாவை மூன்றாம் ஆண்டுக்கும் புதுப்பித்திருக்கிறேன். கடந்த நான்கு மாத நோட்டில் அறுபட்ட பதிவுகள் ஏழுதான். அவற்றில் ஐந்துக்கு எதிரே காரணமாக எழுதியிருப்பது கன்ட்ரோல்-டபிள்யூ. டெர்மினலில் அது கடைசிச் சொல்லை அழிக்கும். உலாவியில் அது டேப்பையே மூடிவிடும். என் விரல்களுக்கு அந்த வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை.