பிளஸ் போட வேண்டிய பிள்ளைக்கு மைனஸ் கண்ணாடி: ‘இலவச கம்ப்யூட்டர் டெஸ்ட்’டில் நான் ஏமாந்த கதை

பிள்ளைக்குக் கண்ணாடி வாங்க நேராகக் கடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 3,800 ரூபாய் போனதைக்கூட விட்டுவிடலாம். ஐந்து மாதம் தப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘படிக்க வணங்காத கழுதை’ என்று என்னிடமே திட்டு வாங்கியிருக்கிறாள் என் மகள். அதுதான் மனசு ஆறவில்லை.

நாலாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். கண்ணைக் கசக்குவாள், வரி மாறிப் படிப்பாள். ஆனால் தெருமுனையில் வரும் பஸ்ஸின் நம்பரை எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். கடையில் இதையும் சொன்னேன். அந்த ஆள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கடை. வாசலில் ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்று ஆளுயரப் பலகை. மோவாயை வைத்து உள்ளே பார்க்கச் சொன்னார்கள். தூரத்தில் ஒரு ரோடு, அதன் முடிவில் ஒரு பலூன். “பலூன் மங்குது, அப்புறம் தெளிவாகுதும்மா” என்றாள். இரண்டு நிமிஷம். பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு வந்தது. இரண்டு கண்ணுக்கும் −1.00.

“கிட்டப்பார்வைதான்க்கா. கண்ணாடி போட்டே ஆகணும்.”

“புத்தகம் எடுத்தாதான தம்பி தலைவலிங்கிறா?”

“அதத்தான்க்கா நானும் சொல்றேன். கிட்டத்துலதான பிரச்சனை? அப்ப கிட்டப்பார்வை. தூரப்பார்வைங்கிறது வயசானவங்களுக்கு வர்றது.”

நான் தலையாட்டினேன். காரணம், எனக்கும் அப்படித்தான் தெரியும். சர்க்கரை நோய் என்றால் சர்க்கரையில் கோளாறு. அதுபோலக் கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறு. எந்தப் பார்வை நன்றாக இருக்கிறதோ அதுதான் பெயர். கிட்டப்பார்வைக்காரருக்குக் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், தூரம்தான் மங்கும். என் அக்கா பையனுக்கு மைனஸ் 2. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு அரை மீட்டர் வரைதான் தெளிவு, அதற்கு அப்பால் எல்லாம் புகைமூட்டம். டி.வி.க்குள்ளேயே தலையை விடுவான், கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். ஆனால் கதைப் புத்தகத்தை மணிக்கணக்கில் கீழே வைக்க மாட்டான். என் மகள் எல்லா விதத்திலும் அவனுக்கு நேர் எதிர். வீட்டிலேயே இரண்டு உதாரணத்தை வைத்துக்கொண்டு எனக்கு உறைக்கவில்லை.

சோதனைக் கண்ணாடியை மாட்டிப் படிக்கச் சொன்னபோது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எழுத்து சின்னதா ஆயிடுச்சு, ஆனா நல்லா கறுப்பா தெரியுது.” ‘பாத்தீங்களா, தெளிவாத் தெரியுதாம்’ என்று பில்லைப் போட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு, மொபைல் பார்க்கிற பிள்ளை என்று, நீல வெளிச்சத்தைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ லென்ஸ் வேறு, அதற்குத் தனியாக 900. (ப்ளூ கட் லென்ஸ் போட்டால் கண் அசதி குறையும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2023-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. 900 ரூபாய்க்குப் பிறகு தெரிந்துகொண்ட விஷயம்.)

கண்ணாடி போட்ட பிறகு தலைவலி கூடியது. “பழகினா சரியாயிடும்க்கா” என்றார்கள். பழகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒருநாள் அவளுடைய வலது கண் மூக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. மறுநாளே மதுரைக்கு, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கேயும் முதலில் அதே மாதிரி மெஷின்தான். ஆனால் அதோடு விடவில்லை. சொட்டு மருந்து விட்டார்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கண்ணின் நடுவில் இருக்கிற கறுப்புப் பாப்பா நன்றாக விரிந்த பிறகு மறுபடி பார்த்தார்கள். கடைச் சீட்டில் மைனஸ் 1 என்று இருந்த கண் இங்கே பிளஸ் 2.50. அதாவது தூரப்பார்வை.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். தூரப்பார்வை உள்ள பிள்ளையின் கண் பெரும்பாலும் கொஞ்சம் குட்டையாக இருக்கும். வெளிச்சம் விழித்திரைக்குப் பின்னால் போய்க் குவியப் பார்க்கும். ஆனால் குழந்தைகளின் கண் லென்ஸ் நன்றாக வளைந்து கொடுக்கும். தசையை இறுக்கி, லென்ஸைப் புடைக்க வைத்து, அந்தக் குறையைத் தானே சமாளித்துவிடும். அதனால்தான் பஸ் நம்பர் தெரிகிறது. மெஷினுக்குள் பலூனைப் பார்க்கும்போதும் தசை இறுகிவிட்டால், மெஷின் அதை மைனஸ் என்று படித்துவிடும். சொட்டு மருந்து அந்தத் தசையைத் தளர்த்தும். அப்போதுதான் நிஜக் கணக்கு வெளியே வரும்.

பேப்பரில் போட்டும் காட்டினார். 25 செ.மீ. தூரத்தில் புத்தகத்தைப் பிடித்தால் குறையில்லாத கண்ணுக்கே 4 பவர் உழைப்பு. இவளுடைய குறையைச் சமாளிக்க இன்னொரு 2.50. ஆக 6.50. நாங்கள் மாட்டிவிட்ட மைனஸ் 1 அதன் தலையில் இன்னொன்றை ஏற்றி 7.50 ஆக்கிவிட்டது. “ஏற்கெனவே மூட்டை தூக்கற பிள்ளை மேல நீங்க இன்னும் ஒரு செங்கல்ல வெச்சிட்டீங்கம்மா” என்றார். சின்னதாக, கறுப்பாகத் தெரிகிறது என்று அவள் சொன்னதைச் சொன்னேன். தேவைக்கு மேல் மைனஸ் போட்டால் பிள்ளைகள் அப்படியேதான் சொல்வார்களாம். கண் உள்ளே திரும்பியதும் இந்த இறுக்கத்தால்தான்.

கடைக்காரர் சொன்ன ‘வயசானவங்களுக்கு வர்றது’ வேறு விஷயம். நாற்பதுக்கு மேல் லென்ஸ் வளையும் தன்மை குறைந்து, பேப்பரைக் கையை நீட்டிப் பிடிக்கிறோமே, அது வெள்ளெழுத்து. அதற்கும் பிளஸ்தான் போடுவார்கள் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். தூரப்பார்வை பிறவியிலேயே இருக்கலாம்.

புதுக் கண்ணாடியை பிளஸ்ஸில் எழுதிக் கொடுத்தார்கள். முதல் சில வாரம் தூரம் கொஞ்சம் மங்கும், கழற்ற விடாதீர்கள் என்றார்கள். அப்படித்தான் அழுதாள். மூன்றாவது வாரம் கேட்காமலேயே புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். கண்ணும் இப்போது நேராக இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கண்ணாடி பிளஸ்ஸா மைனஸா என்று நீங்களே பார்க்கலாம். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அதன் வழியாக எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பாருங்கள். கண்ணாடியை மெதுவாக வலது பக்கம் நகர்த்தினால் காலண்டரும் கூடவே வலது பக்கம் வந்தால் மைனஸ். எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ். கிட்டத்தில் தலைவலி என்று போன பிள்ளைக்கு மைனஸைக் கொடுத்து, சொட்டு மருந்தும் விடவில்லை என்றால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைக்குத் திரும்பப் போனேன். “மெஷின் காட்டினதத்தான்க்கா போட்டோம்” என்றார்கள். ஃபிரேமை வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றித் தருகிறோம், லென்ஸ் காசு தனி என்றார்கள். பில்லைப் பார்த்தால் ஃபிரேம், லென்ஸ், விலை மட்டும்தான். பவர் எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை. மெஷின் சீட்டை நீட்டினேன். ஐந்து மாதம் பர்ஸுக்குள் இருந்ததில் எழுத்தெல்லாம் வெளுத்து வெள்ளைத் தாளாகியிருந்தது. நீங்கள் வாங்கினால் அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.