தகரம் தடதடத்தால் தூக்கம் போகிறது: யாரிடம் போவது?

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் சித்தி வீட்டுத் தகரக் கொட்டகை பிய்த்துக்கொண்டு போனது. சாய்ந்த தென்னைகளை எண்ணிக் கணக்கெடுத்தார்கள். சித்தியின் தூக்கம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஐப்பசியில் காற்று கிளம்பித் தகரம் தடதடத்தால் போதும், கை சில்லிட்டு, நெஞ்சு படபடத்து, வயிற்றைக் கலக்கும். ஊரில் இதற்குப் பெயர் பயந்த கோளாறு. நாங்கள் ஏறி இறங்கிய இடங்களை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் போனது நாகூர் தர்கா. எங்கள் பக்கம் இதற்கெல்லாம் மதம் பார்ப்பதில்லை. திருச்சிப் பக்கத்துக்காரர்கள் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்குவார்கள். இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. நேரத்துக்குக் குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, "உனக்கென்ன பைத்தியமா" என்று கேட்காத ஆட்கள் இருந்தாலே உடம்பு கொஞ்சம் அடங்கும். சித்தி நாகூரில் மூன்று இரவும் நன்றாகத் தூங்கினார். வீட்டுக்கு வந்ததும் அதே தகரம், அதே படபடப்பு.

அடுத்து அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரும் மாத்திரையும் இலவசம். படபடப்புக்குத் தைராய்டோ ரத்தசோகையோ காரணமா என்று பார்த்துவிடுவதும் இங்கேதான் சுலபம். எந்த ஆலோசகரிடம் போவதாக இருந்தாலும் இதை முதலில் முடித்துவிடுங்கள். குறை என்று சொன்னால் கூட்டம். ஐந்து நிமிடத்தில் யாரால் எதைப் பேச முடியும்?

சரி, ஆலோசகர்கள். இருவரைப் பார்த்தோம். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

முதலாமவர் உட்கார்ந்ததுமே, "அன்னிக்கு ராத்திரி நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். சித்தி சொன்னார், அழுதார். அப்புறம் இரண்டு இரவு கண்ணை மூடவில்லை. அழுது தீர்த்தால் பாரம் குறையும் என்பது நம் ஊர் நம்பிக்கை. ஆனால் தயார்ப்படுத்தாமல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கிளறினால், அந்த இரவே திரும்ப வந்துவிட்டதாக உடம்பு எடுத்துக்கொள்கிறது.

இரண்டாமவர் தஞ்சாவூரில். போய்வர ஒரு முழுநாள் போய்விடும். அவர் கேட்ட முதல் கேள்வி: "கதவைத் திறந்து வைக்கட்டுமா, சாத்தட்டுமாம்மா?" மூன்று வாரம் புயலைப் பற்றிப் பேச்சே இல்லை. பாதத்தைத் தரையில் அழுத்தி உட்காருவது, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல்வது, இவ்வளவுதான். நீளமாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது; அதைச் சித்தியின் நாடியிலேயே விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். நாலாம் வாரம் கைப்பேசியில் தகரச் சத்தத்தை மிகக் குறைவாக ஒலிக்கவிட்டார். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார். சித்தி இரண்டு முறை தூக்கினார், இரண்டு முறையும் நிறுத்தினார். என் ஓட்டு இவருக்குத்தான்.

ஒன்று மட்டும் கவனம். இப்படிப் பக்குவமாக நடத்துவது ஒரு அணுகுமுறை, அதுவே முழு சிகிச்சை ஆகாது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு 2013இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு: அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றுவது), கண் அசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் என்ற சிகிச்சை. உடம்பைத் தளர்த்தும் பயிற்சி மட்டுமே போதும் என்பவரிடம், "இதுல எதைப் படிச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குப் படபடத்தால் தஞ்சாவூர் உதவாது. அதற்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி. 2022 முதல் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். தொடர் சிகிச்சைக்கு ஈடில்லை என்றாலும் விடியும்வரை தாக்குப்பிடிக்க உதவும்.

போன ஐப்பசியில் சித்தி வீட்டுக்குப் போனேன். கொட்டகைத் தகரத்தின் மேல் வரிசையாக மணல் மூட்டைகள். "இனிமே பறந்தா மூட்டையோட பறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார்.