இரண்டாவது கோல்கீப்பருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கெல்லஹர், ஹென்டர்சன், அட்ரியான் கணக்கு

மாற்று ஸ்ட்ரைக்கருக்குக் கடைசி இருபது நிமிடமாவது கிடைக்கும். மாற்று டிஃபென்டருக்கு யாராவது சஸ்பெண்ட் ஆனால் ஒரு ஆட்டம் வரும். மாற்று கோல்கீப்பருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. முதல் ஆள் நலமாக இருக்கும்வரை இவர் பெஞ்சில்தான். லீக் கோப்பையின் ஆரம்பச் சுற்றுகளில் நாலு ஆட்டம் கிடைத்தால் அது நல்ல சீசன். அப்படிப்பட்ட ஒருவரைத் தக்கவைக்க கிளப் காசு கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. 2025 ஜூனில் லிவர்பூல் தன் மாற்று கோல்கீப்பர் குவீவீன் கெல்லஹரை பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது ரசிகர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். விலை 1.25 கோடி பவுண்ட், நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் 55 லட்சம்.

"இவ்வளவு மலிவாகவா?" என்பது ஒரு கட்சி. "பெஞ்சில் இருப்பவருக்கு இதுவே அதிகம்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே கணக்கைத் தவறான இடத்தில் ஆரம்பிப்பதாகத் தோன்றுகிறது. இதே பதவிக்கு மூன்று வழிகளைப் பெரிய கிளப்புகள் நம் கண்முன்னே முயன்று பார்த்துவிட்டன. முதலில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மலிவான அனுபவசாலி

2019 ஆகஸ்டில் லிவர்பூலின் அப்போதைய மாற்று கோல்கீப்பர் சிமோன் மின்யோலே ஆட வாய்ப்பு வேண்டும் என்று கிளப் புரூஜுக்குப் போனார். லிவர்பூலுக்குச் சுமார் 64 லட்சம் பவுண்ட் கிடைத்தது. அவர் இடத்துக்கு வெஸ்ட் ஹாமில் ஒப்பந்தம் முடிந்து கிளப் இல்லாமல் இருந்த அட்ரியானை ஒரு பவுண்ட் கூடக் கொடுக்காமல் எடுத்தார்கள். சில நாட்களிலேயே, சீசனின் முதல் ஆட்டத்தில், நாரிச்சுக்கு எதிராக முதல் கோல்கீப்பர் அலிசனின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் இஸ்தான்புல்லில் செல்சிக்கு எதிரான சூப்பர் கோப்பையில் டாமி ஏப்ரஹாமின் பெனால்டியைத் தடுத்து அட்ரியான் கோப்பையையே வாங்கிக் கொடுத்தார். அந்த சீசனில் லீக்கில் 11 ஆட்டம் ஆடினார், லீக் பட்டமும் வந்தது. இதைவிட லாபமான பேரம் உண்டா?

உண்டா இல்லையா என்பது 2020 மார்ச் 11 அன்று தெரிந்தது. லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் சாம்பியன்ஸ் லீக்கில் அட்லெட்டிகோ மாட்ரிட், கூடுதல் நேரம், லிவர்பூல் 2-0 என முன்னிலை. அலிசன் மறுபடி காயம் என்று ஆடவில்லை. அட்ரியான் தட்டிய பந்து நேராக எதிரணியின் காலுக்குப் போனது, லொரென்டே கோல் போட்டார். ஆட்டம் 2-3 என முடிந்து, நடப்புச் சாம்பியன் வெளியேறியது. பழியை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் இந்த வழியின் எல்லை அங்கே தெரிகிறது: அனுபவசாலி பத்து ஆட்டத்தைச் சமாளித்துக் கொடுப்பார், பதினோராவது ஆட்டம் எது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

பெரிய ஒப்பந்தம் கொடுத்துக் கட்டிப்போடுவது

மான்செஸ்டர் யுனைடெட் இதைச் செய்து பார்த்தது. டீன் ஹென்டர்சன் 2019-20இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டில் கடனாக ஆடி, புதிதாக மேலே வந்த அந்த அணி ஒன்பதாம் இடம் பிடிக்க உதவினார். அடுத்த ஆகஸ்டில் அவருக்கு 2025 வரை ஒப்பந்தம். முதல் கோல்கீப்பர் டேவிட் டே ஹேயாவும் அங்கேயே இருந்தார். 2020-21இல் இருவரும் மாறி மாறி ஆடினார்கள். அந்த சீசனின் யூரோப்பா லீக் இறுதிப்போட்டியில் வில்லாரியலிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் 11-10 என்று யுனைடெட் தோற்றது. டே ஹேயா ஒரு பெனால்டியைக் கூடத் தடுக்கவில்லை, தன்னுடையதையும் கோட்டைவிட்டார். ஹென்டர்சன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். மறுசீசனில் லீக்கில் அவருக்கு ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2022 கோடையில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்குக் கடனாகப் போனதும், முதலிடம் தருவதாகச் சொல்லி ஒரு வருடத்தை வீணடித்தார்கள் என்று வெளிப்படையாகவே பொரிந்து தள்ளினார். 2023இல் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். 2025 எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியின் ஓமர் மர்மூஷ் அடித்த பெனால்டியைத் தடுத்து அந்தக் கிளப்புக்கு வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பையை வாங்கித் தந்தவர் இவர்தான்.

ஸ்டெப்னி டயர் டிக்கியில் கிடப்பதற்கு வருத்தப்படாது. இருபத்து நான்கு வயது கோல்கீப்பர் வருத்தப்படுவார். சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் அவர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அடுத்த ஜனவரியில் அதே பேச்சு திரும்பவும் வரும். "நீதான் அடுத்த முதல் ஆள்" என்று சொல்வதாக இருந்தால் எந்த மாதத்திலிருந்து என்றும் சொல்லியாக வேண்டும். யுனைடெட்டால் அதைச் சொல்ல முடியவில்லை. அலிசன் நன்றாக ஆடிக்கொண்டிருக்கையில் லிவர்பூலாலும் சொல்லியிருக்க முடியாது. ஆகவே, கெல்லஹருக்குக் கொஞ்சம் சம்பளம் கூட்டியிருந்தால் இருந்திருப்பார் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தான் முதல் கோல்கீப்பராக வேண்டும் என்பதை அவரே பலமுறை வெளியில் சொல்லியிருந்தார்.

விற்றுவிட்டு வாரிசை வாங்குவது

லிவர்பூல் கடைசியில் எடுத்தது இந்த வழி. 2024 ஆகஸ்டில் வலென்சியாவின் கோல்கீப்பர் கியோர்கி மமர்தாஷ்விலியை 2.5 கோடி பவுண்டுக்கும் மேலே சில நிபந்தனைத் தொகைக்கும் வாங்கி, ஒரு வருடம் வலென்சியாவிலேயே ஆட விட்டார்கள். யூரோ 2024இல் ஜார்ஜியாவை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனவர், திறமையில் சந்தேகமில்லை. ஆனால் வயதைப் பாருங்கள்: கெல்லஹர் 1998 நவம்பர், இவர் 2000 செப்டம்பர். இரண்டு வயதுகூட இளையவர் இல்லை. இரண்டரைக் கோடி கொடுத்து, ஒன்றேகால் கோடிக்கு ஒருவரை அனுப்பினால், நிகரச் செலவு இன்னொரு ஒன்றேகால் கோடி. எதற்காக?

கணக்குப்பிள்ளையின் பதில் ஒன்று உண்டு. வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. அப்படிப் பார்த்தால் மமர்தாஷ்விலி வருடத்துக்கு 50 லட்சம். கெல்லஹர் 2015இல் அயர்லாந்தின் கார்க்கிலிருந்து சிறுவனாக வந்து அகாடமியில் வளர்ந்தவர், ஏட்டில் அவருக்கு மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். விற்ற தொகை மொத்தமும் அந்த வருடத்து லாபம். மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று அப்போதிருந்த பிரீமியர் லீக் விதிக்கு இது இனிப்பான செய்தி. சொந்தப் பிள்ளையை விற்கத்தான் அந்த விதி கிளப்பைத் தூண்டியது. ரசிகனாக எனக்கு அது எரிச்சல் தருகிறது.

இதே கடையில் ஆர்சனலும் பேரம் பேசியிருக்கிறது. 2020இல் முதல் கோல்கீப்பர் பெர்ன்ட் லெனோ காயம்பட, மாற்று ஆள் எமிலியானோ மார்ட்டினெஸ் உள்ளே வந்து எஃப்ஏ கோப்பையை வென்றார். இருவரில் லெனோவை வைத்துக்கொண்டு மார்ட்டினெஸை ஆஸ்டன் வில்லாவுக்கு 2 கோடி பவுண்ட் வரை போகும் விலைக்கு அனுப்பினார்கள். ஒரே வருடத்தில் லெனோவின் இடத்துக்கு ஆரன் ராம்ஸ்டேலை வாங்க வேண்டி வந்தது. 2022இல் மார்ட்டினெஸ் உலகக் கோப்பையோடு நின்றார். விற்றது பிழையில்லை, யாரை விற்றோம் என்பதில்தான் பிழை.

அப்படியானால் கெல்லஹர் விஷயம்?

மார்ட்டினெஸ் போகும்போது வயது 28, ஆர்சனலுக்கு ஆடியது 38 ஆட்டம். கெல்லஹருக்கு 26 வயது, 67 ஆட்டம், இரண்டு லீக் கோப்பை இறுதி வெற்றிகள். 2022இல் செல்சிக்கு எதிராக 11-10 என முடிந்த ஷூட்அவுட்டில் கடைசி கோலைப் போட்டவரே இவர்தான். ஆனாலும் விலை குறைவு. பெரிய காரணம் ஒப்பந்தம்: மார்ட்டினெஸுக்கு இரண்டு வருடம் மிச்சம் இருந்தது, கெல்லஹருக்கு ஒன்று.

2024 கோடையிலேயே விற்றிருக்கலாமே என்று கேட்பது சுலபம். விற்றிருந்தால் 2024-25 எப்படிப் போயிருக்கும்? அலிசன் அக்டோபரில் தொடைத் தசை கிழிந்து இரண்டு மாதம் இல்லை. நவம்பர் 27 அன்று ரியல் மாட்ரிட். எம்பாப்பேயின் பெனால்டியைக் கெல்லஹர் தடுத்தார், 2-0. நாலு நாள் கழித்து மான்செஸ்டர் சிட்டி, அதுவும் 2-0. (அதற்கடுத்த நியூகாசில் ஆட்டத்தில் 90ஆவது நிமிடம் பந்து வெளியே போய்விடும் என்று விட்டுவிட்டு 3-3 ஆக்கியதும் இவர்தான். அதையும் சொல்ல வேண்டுமல்லவா.) அந்த சீசனில் லீக்கில் 10 ஆட்டம், முந்தைய சீசனிலும் 10. இரண்டு வருடத்து 76 லீக் ஆட்டங்களில் 20, அதாவது நாலில் ஒரு பங்குக்கும் மேல். இது மாற்று ஆள் வேலையே இல்லை, பகுதி நேர முதல் ஆள்.

ஆக லிவர்பூல் கெல்லஹரைத் தக்கவைக்கக் காசு கொடுக்கத்தான் செய்தது. சம்பளமாகக் கொடுக்கவில்லை, ஒரு வருடம் தாமதித்து, விற்பனை விலை இறங்குவதைப் பொறுத்துக்கொண்டு கொடுத்தது. இழப்பு சில பத்து லட்சம் பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீக் பரிசுத் தொகையில் ஒரு இடம் இறங்கினாலே போவது ஏறக்குறைய 30 லட்சம். அந்த வருடம் வந்தது பட்டம். எனக்கு இது நல்ல வாடகை.

மேலே சொன்ன மூன்றில் எது சரி என்பது முதல் ஆளின் உடம்பைப் பொறுத்தது. அவர் லீக்கில் 35 ஆட்டத்துக்கு மேல் ஆடுபவர் என்றால் அட்ரியான் போன்ற ஒருவர் போதும், ஒரு பவுண்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். வருடம் பத்து ஆட்டம் தவறவிடுபவர் என்றால் உண்மையான கோல்கீப்பர் வேண்டும். அப்படிப்பட்டவர் மூன்று நாலு வருடத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்பதையும் முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். ஹென்டர்சனுக்குச் செய்ததுபோல் நீண்ட ஒப்பந்தம் கொடுத்து, தேதி சொல்லாத வாக்குறுதி தருவதை நான் எந்த நிலையிலும் செய்யமாட்டேன்.

விற்றபின் நடந்ததும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 30 அன்று துருக்கியின் கலத்தசராய் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அலிசன் மறுபடி காயம்பட்டார். மமர்தாஷ்விலி வந்தார். லீக்கில் செல்சி, மான்செஸ்டர் யுனைடெட், பிறகு அக்டோபர் 25 அன்று பிரென்ட்ஃபோர்ட் என்று வரிசையாகத் தோல்வி. கடைசி ஆட்டத்தில் 3-2 என வென்ற அணியின் கோலில் நின்றவர் கெல்லஹர். இதைக் காட்டி "பார்த்தாயா" என்று கிளம்பியவர்கள் பலர். அந்தத் தோல்விகளுக்கு டிஃபென்ஸும் நடுக்களமும் கொடுத்த பங்கு கோல்கீப்பருடையதைவிடப் பெரிது, அதனால் நான் அந்த ஊர்வலத்தில் சேரவில்லை. மமர்தாஷ்விலிக்கும் அப்போதே 25 வயது ஆகியிருந்தது, அவரும் பெஞ்சைப் பார்க்க லிவர்பூலுக்கு வரவில்லை. அலிசன் எந்தக் கோடையில் போகிறார் என்பதற்கு அவரிடம் கிளப் ஒரு தேதி சொல்லியிருக்கிறதா என்பதைத்தான் இப்போது கேட்க வேண்டும்.