எச்ஐவியோட டிபியும் இருக்கவங்களுக்குத் தர்ற தினசரி மாத்திரை: என் ரிவ்யூ

எங்க மாமாவுக்கு எச்ஐவி இருக்கறது வீட்ல எல்லாருக்கும் தெரியும், எச்ஐவிய அடக்கி வைக்கற ஏஆர்டி மாத்திரைய ஒழுங்கா போட்டுட்டு நல்லாத்தான் இருந்தாரு, அப்புறம் இருமல் விடாம வந்து சளி டெஸ்ட் எடுத்ததுல டிபின்னு சொல்லிட்டாங்க. ஆறு மாச கோர்ஸ் முழுக்க மாத்திரை எடுத்துக் குடுத்தது நான்தான். நேரா சொல்லிடறேன், மருந்துக்கு 5-க்கு 5, கூட வர்ற சர்வீஸுக்கு 3 தான்.

நாலு மருந்தும் ஒரே மாத்திரைல இருக்கு, ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எத்தாம்புடால் 275 மில்லிகிராம். எத்தனை போடணுங்கறது எடையப் பொறுத்தது, 35-லேருந்து 49 கிலோன்னா 3, 50-லேருந்து 64 வரைக்கும் 4. மாமா 47 கிலோ, அதனால 3. ரெண்டு மாசம் கழிச்சு பைராசினமைடு நின்னுடும், மீதி மூணு மருந்து சேர்ந்தது நாலு மாசம். முன்னாடி டிபிக்கு அரசாங்கம் குடுத்த சிவப்பு மருந்து டப்பாவ பாத்தவங்களுக்கு இதோட அருமை புரியும், வாரத்துக்கு மூணு நாள்தான், ஆனா முதல் ரெண்டு மாசம் ஒவ்வொரு தடவையும் தனித்தனியா 7 மாத்திரை முழுங்கணும்.

அந்த வாரம் மூணு நாள் முறை எச்ஐவி இருக்கவங்களுக்குப் போதாதுன்னு எடுத்துக் காட்டினதுல நம்ம சென்னை சேத்துப்பட்டுல இருக்கற காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அங்க ஆய்வு பண்ணின டாக்டர் சௌமியா சுவாமிநாதனுக்கும் பெரிய பங்கு உண்டு, இத படிச்சப்புறம்தான் எனக்கு இந்த மாத்திரை மேலயே தனி மரியாதை வந்துச்சு. எச்ஐவி முத்தினவங்க உடம்புல ரிஃபாம்பிசின் சரியா ஏறறதில்லன்னு 2004-லயே அங்க பாத்திருக்காங்க. 2010-ல வந்த ஆய்வுல வாரம் மூணு நாள் முறையவே 6 மாசமும் 9 மாசமும் குடுத்துப் பாத்தாங்க, 9 மாசத்துல நோய் திரும்பறது குறைஞ்சுது, ஆனா மருந்து கேக்காமப் போனவங்கள்ல நிறைய பேரோட கிருமிக்கு ரிஃபாம்பிசினையே எதிர்க்கற சக்தி வந்துடுச்சு. சரி, நாள் கணக்க மாத்திப் பாப்போம்னு 331 பேர மூணு குரூப்பா பிரிச்சாங்க. அந்த ரிசல்ட் 2018-ல வந்துச்சு: தினமும் சாப்பிட்டவங்கள்ல 91 சதவீதம் பேருக்கு நல்ல பலன், முதல் ரெண்டு மாசம் மட்டும் தினமும்னா 80, முழுக்க வாரம் மூணு நாள்னா 77. மருந்து எதிர்ப்பு விஷயத்துலயும் தினசரிதான் நல்லா நின்னுச்சு. இந்த வித்தியாசம் சும்மா இல்லங்க, வீட்ல ஒருத்தர் எழுந்து நடமாடறதா இல்லையாங்கற கணக்கு இது.

இனி போடறவங்க கவனிக்க வேண்டியது. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க, அது ரிஃபாம்பிசின். கால் எரிச்சல் வராம இருக்க பி6 மாத்திரை கூட குடுப்பாங்க, அத விட்டுடாதீங்க. கண்ணு மஞ்சளானா, வாந்தி நிக்கலன்னா உடனே டாக்டர்கிட்ட போங்க, கல்லீரல் விஷயம். ரொம்ப முக்கியமானது, ஏஆர்டில டோலுடெகிராவிர்ங்கற மருந்து இருந்தா ரிஃபாம்பிசின் அதோட அளவ ரத்தத்துல குறைச்சுடும், அதனால 12 மணி நேரம் கழிச்சு இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெகிராவிர் போடணும். இத எங்களுக்கு மாத்திரை குடுத்த கவுன்ட்டர்ல யாரும் சொல்லல, ஏஆர்டி டாக்டர் சீட்டப் பாத்து கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது, இங்கதான் நான் மார்க் குறைச்சேன்.

ஸ்ட்ரிப் மேல சில இடத்துல ஒரு அட்டை கவர் மாட்டிக் குடுக்கறாங்க, மாத்திரைய அழுத்தி வெளிய எடுத்தா பின்னாடி மறைஞ்சிருக்கற போன் நம்பர் தெரியும், அதுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா அன்னைக்குப் போட்டாச்சுன்னு பதிவாகிடும். நல்ல ஏற்பாடு, ஆனா கால் குடுத்துட்டு மாத்திரைய கீழ போட்டாலும் அதுக்குத் தெரியாது, அதனால பக்கத்துல ஒரு ஆள் இருந்தே ஆகணும்.

ஒரு தடவை ஸ்டாக் இல்லன்னு மூணு நாளைக்கு மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க, வேலைய விட்டுட்டு மறுபடி போய் நின்னோம். ஒரு வாரத்துக்கு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே போய் கேட்டு வாங்கிடுங்க, இல்லன்னு சொன்னா எப்ப வரும்னு அங்கயே நின்னு விசாரிச்சுட்டு வாங்க, ஒரு நாள் கூட விட்டுப் போகக் கூடாது.