பழைய டிஐ ஜீப்புக்கு டர்போ செட்: நெடுஞ்சாலையில் டிரெய்லர் இழுக்கத் தாங்குமா?

மகிந்திராவின் 2523 சிசி டிஐ எஞ்சின் (டீசலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் வகை) உள்ள, டர்போ இல்லாத பழைய ஜீப்புகளுக்குப் பட்டறைகளில் டர்போ செட் போட்டுத் தருகிறார்கள். பொலிரோ டிஐ-யில் வருகிற வகை டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்துவது), அதற்கேற்ற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்), ஆயில் குழாய்கள் இரண்டு, டர்போ காற்றைக் குளிர்விக்கும் சிறிய இன்டர்கூலர், ஹோஸ், கிளாம்ப். பொதுவாக இவ்வளவுதான் செட். பொருள் நல்ல பொருள். ஆனால் போட்டுக் கொடுத்த கையோடு நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகைக் கட்டிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினால் எஞ்சின் தாங்காது. புகைப்போக்கி வெப்பத்தைக் காட்டும் மீட்டர், டீசல் பம்ப் கலிபரேஷன் (டீசல் அளவைச் சரிசெய்வது), ரேடியேட்டர் வேலை ஆகிய மூன்றும் செட்டில் சேர்வதில்லை. இழுவைக்கு உயிரே இந்த மூன்றும்தான்.

டெல்டா சமதரைதானே, ஏற்றமே இல்லையே, எதற்கு இவ்வளவு பவர் என்று கேட்பவர்கள் உண்டு. ஆடிக்காற்றுதான் நமக்கு ஏற்றம். ஜீப்பும் டிரெய்லரும் சேர்ந்து இரண்டரை டன் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் சக்கரத்துக்குத் தேவை சுமார் 15 குதிரைத்திறன். 80-இல் சுமார் 28. கியர், ஆக்சில் இழப்பைச் சேர்த்தால் எஞ்சின் 34 தர வேண்டும். இதே 80-இல் மேற்கே தஞ்சாவூர் நோக்கிப் போகும்போது 25 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் எஞ்சினிடம் கேட்பது 48-ஐத் தொடும். டர்போவோடு வந்த பொலிரோ டிஐ-க்கே நிமிடத்துக்கு 3200 சுற்றில் 63 குதிரைத்திறன்தான். டர்போ இல்லாமல், டீசல் தெளிக்கும் நாசில் தேய்ந்து, வால்வு இடைவெளி பார்க்காமல் ஓடுகிற எஞ்சினிடம் 48 என்பது முழு ஆக்ஸிலரேட்டர். அதையும் ஐந்து நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும். சிக்கல் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

எஞ்சினின் அடிப்படை உறுதியானது. 88.9 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 101.6 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). குறைந்த சுற்றிலேயே இழுக்கிற நீண்ட ஸ்ட்ரோக் இது. டர்போ இல்லாத பிஸ்டனோடு ஓடுவதால் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) 0.5 பாரில் நிறுத்துவது நல்லது. வெளியே 40 டிகிரி வெயில் என்றால் 0.5 பாரில் டர்போவை விட்டு வரும் காற்று 100 டிகிரியை நெருங்கும். 1 பார் வைத்தால் 145. இன்டர்கூலர் இந்த 100-ஐ 55-க்குக் கொண்டுவந்தால் அதே பூஸ்ட்டில் 13 சதவீதம் அதிகக் காற்று உள்ளே போகும். ஆகவே பூஸ்ட்டைக் கூட்டுவதைவிட இன்டர்கூலரைச் சரியான இடத்தில் வைப்பதில்தான் லாபம். பல செட்களில் அதை ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டிவைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். ஓரங்களை ரப்பர் பட்டையால் அடைத்தால்தான் காற்று சுற்றி ஓடாமல் உள்ளே நுழையும்.

பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு பம்ப்பில்தான். டர்போ ஏறியதும் டீசல் ஸ்குரூவைத் திருகி, சைலன்சரில் கரும்புகை வரும்வரை கூட்டி, "இப்ப பாருங்க பிக்கப்" என்பார்கள். காலி வண்டியில் அது நன்றாகவே தெரியும். பாரம் கட்டி இழுக்கும்போது அந்தக் கூடுதல் டீசல் முழுவதும் வெப்பமாகி பிஸ்டன் தலையை உருக்கும், மேனிஃபோல்டில் விரிசல் விடும், ஹெட் கேஸ்கட்டை எடுத்துவிடும். செய்ய வேண்டியது வேறு. பம்ப்பையும் நாசில்களையும் கழற்றி டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடைக்குக் கொடுங்கள். நான்கு நாசிலும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும், தெளிப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது செப்பு வாஷர் புதிது. ரோட்டரி பம்ப் என்றால் பூஸ்ட்டுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் டயஃப்ரம் வைத்த வகை கிடைக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால், டர்போ சுற்ற ஆரம்பிக்கும் முன் வீணாகக் கரும்புகை வராது. பி.எஸ். 4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் 65 ஹார்ட்ரிட்ஜ்தான் (புகை அடர்த்தியின் அளவு) எல்லை. கலிபரேஷன் சரியாக இருந்தால் அதற்குள் நிற்கலாம்.

வெப்ப மீட்டருக்கு கே-வகை தெர்மோகப்பிள் (வெப்பத்தை உணரும் கம்பி). டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் துளை போட்டு மாட்ட வேண்டும். துளை போடும்போது மேனிஃபோல்டைக் கழற்றியே போடுங்கள். இரும்புத் தூள் டர்போ சக்கரத்தில் பட்டால் முடிந்தது கதை. தொடர்ந்து இழுக்கும்போது 650 டிகிரிக்குள் வையுங்கள். 700 தொட்டால் காலைத் தளர்த்தி ஒரு கியர் குறையுங்கள். கியர் குறைத்தால் எஞ்சின் சுற்று கூடிச் சத்தம் வரும், அதனால் பலர் தயங்குகிறார்கள். உண்மையில் டாப் கியரில் திணறவிடுவதுதான் எஞ்சினை அதிகம் சுடுகிறது.

டர்போ ஆயில் குழாயில் இரண்டு கவனங்கள். திரும்பும் குழாயின் உள்விட்டம் 18 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எங்கும் மேலே வளையாமல் சரிவாகவே இறங்கி, சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். ஹோஸ் மடங்கினால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி நீலப்புகையாக வரும். சீல் போய்விட்டது என்று டர்போவையே மாற்றிவிடுவார்கள், கோளாறு குழாயில் இருக்கும். இழுத்து நிறுத்தியதும் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஆயில் பாத் ஏர் கிளீனர் இருந்தால் அதையும் பெரிய பேப்பர் ஃபில்டருக்கு மாற்றியாக வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது சாலையெல்லாம் வைக்கோல் தூசி.

அதே தூசி ரேடியேட்டர் பின்னல்களிலும் அடைகிறது. அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை பின்னாலிருந்து முன்னால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இழுவைக்கு மூன்று வரிசை கோர் தேவை, ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு) கட்டாயம். பழைய ஜீப்புகளில் பாதிக்கு மேல் ஷ்ரவுட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவதும் தவறு. கடலோரத்து உப்பு போர் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டுக்குள் படிமம் கட்டும். கூலன்ட்டை ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள்.

ஆக்சில் விகிதத்தை (சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை) பார்க்காமல் டர்போவுக்குக் காசு கொடுக்காதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். 5.38 வந்தால், சாதாரண டயரில் 80 கி.மீ. போக எஞ்சின் 3190 சுற்று சுற்ற வேண்டும், அதாவது கவர்னர் (எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்துவது) எல்லையிலேயே. டர்போ போட்டாலும் அந்த வண்டி 80-ஐத் தாண்டாது. 4.27 என்றால் 2530 சுற்று. இழுவைக்கு அது அருமையான இடம். 31 அங்குல டயர் போட்டால் விகிதம் ஆறேழு சதவீதம் குறைந்தது போலாகி இழுவை குறையும். ஐந்து கியர் பெட்டி உள்ளவர்கள் பாரத்தோடு ஐந்தாவதை மறந்துவிடலாம். கிளட்ச்சைச் சோதிக்க, டாப் கியரில் 40-இல் போய் முழுதாக மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட்டும் கவரும் டர்போவோடு சேர்த்தே மாற்றுங்கள்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள ஜீப்பில் பிரேக் இல்லாத ஒரு டன் டிரெய்லரை 80-இல் இழுப்பது ஆபத்து, அதற்கு எந்த டர்போவும் பதில் சொல்லாது. டிரெய்லரில் ஓவர்ரன் பிரேக் (ஜீப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையில் தானே பிடிப்பது) வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் கொக்கியில் இறங்கும்படி பாரத்தை அடுக்குங்கள். பின்னால் கனத்தால் குறுக்குக் காற்றில் வால் ஆடும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 15 வருடம் தாண்டிய ஜீப் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இந்தக் கேள்வி வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டர்களின் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டருக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினாலோ, ஆயில் மூடியைத் திறந்ததும் புகை தள்ளினாலோ அந்தப் பணத்தை முதலில் எஞ்சின் வேலையில் போடுங்கள். எஞ்சின் திடமாக இருந்து, ஆக்சிலும் 4.27 பக்கம் இருந்தால் இந்த செட் தாராளமாக வாங்கலாம். பில்லில் மீட்டர், கலிபரேஷன், ரேடியேட்டர் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். 500 கி.மீ. ஓடியதும் மேனிஃபோல்டு நட்டுகளையும் எல்லா கிளாம்ப்புகளையும் பட்டறையே திரும்ப முறுக்கித் தர வேண்டும் என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள்.